மனையும் வழியும்

ஆவணம் என்பது பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று. கடைத்தெரு என்பது அதற்கு ஒரு பொருள். உரிமை காட்டும் ஓலை என்பது மற்றொரு பொருள். ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கிய வரலாற்றை மொழிநூல் வல்லார் ஆராய்வாராக. யாம் ஈண்டு எண்ணப் புகுந்தது வேறொன்று. ஓலையாகிய ஆவணம் கையில் உண்டு, தெருவாகிய ஆவணமோ இல்லை என்னும் நிலையில் இந்நாளில் நம் நாட்டுக் குடும்பங்கள் பல நிற்கின்றன. விலை கொடுத்து வாங்கிய மனை அவர்களுடையது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரமும் அவர்களுடையது. ஆயினும் மனையின் முன்னே கிடக்கும் வழியைத் தன்னுடையது என்று ஏற்க ஊராட்சியும் முன்வரவில்லை; நகராட்சியும் முன்வரவில்லை. வழி ஏற்கப்படாமையின் வீடு கட்டும் அனுமதியும் அவர்க்கு எளிதிற் கிட்டுவதில்லை. இந்நிலை நேர்ந்தது எவ்வாறு? பிழை யாருடையது? அதனை நீக்கும் நெறி யாது? இம்மூன்று வினாக்களையும் யாம் பிறந்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளத்தாக்கை அறியாத நண்பர்க்கு அதன் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, இடையே முல்லையாறு. குமுளி மலையடியிலுள்ள லோயர் கேம்பிற் றொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்னும் ஊர்களைத் தொட்டு, வீரபாண்டி வழியாகத் தேனியை அடையும் இந்நிலம், குறிஞ்சியும் மருதமும் தோளுரசி நிற்கும் நிலமாகும். 1895-ஆம் ஆண்டில் பென்னிகுக் என்னும் பொறியாளர் முடித்த பெரியாற்றணை, மேற்குக் கடலுக்கு ஓடிய நீரை மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பிற்று. அந்நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் என்பது நம் உழவர் அனைவரும் மனப்பாடமாய்ச் சொல்லும் கணக்கு. நெல்லுக்கு மேட்டில் திராட்சைப் பந்தலும், வாழையும், தென்னையும் உள்ளன. 1996-இல் மதுரை மாவட்டத்தினின்று தேனி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்னும் ஆறு நகராட்சிகள் இன்று அதில் உள்ளன. திண்டுக்கல்லினின்று குமுளி செல்லும் நெடுஞ்சாலை அகன்றது. அகலப் பாதைப் புகைவண்டி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வந்தது. ஊர் வளர்ந்தது, வளரவே, ஊரையடுத்த வயல்களின் விலையும் வளர்ந்தது. நாற்று நட்ட வயலில் கல் நடத் தொடங்கினார்கள்.

கல் நடும் முறையை யாவரும் கண்டிருப்பர். நிலத்துக்குரியவரோ அவரிடம் வாங்கியவரோ, வரப்பை மண்வாரி வண்டியால் சமன் செய்கின்றார். வெள்ளையும் மஞ்சளும் பூசிய சிறு கற்கள் வரிசை வரிசையாய் எழுகின்றன. வாயிலில் ஒரு வளைவு. வளைவின் மேல் ஏதேனும் ஒரு நகரின் பெயர். பேருந்து நிலையத்துக்கு ஐந்து நிமிடம் என்று அச்சிட்ட தாளில், மனைகளுக்கிடையே அகன்ற கோடுகள் ஓடுகின்றன. அக்கோடுகளே வழிகள். தாளில் அவை அகலமானவை. நிலத்திலோ அவற்றின் அகலம் விற்றவர் மனத்தின் அகலத்தைப் பொறுத்தது. வாங்குவோர் யாவர்? விடியுமுன் ஜீப்பிலேறி மலை கடந்து ஏலத் தோட்டத்து வேலைக்குச் செல்லும் தொழிலாளர், சந்தையிற் சிறுகடை வைத்திருப்பார், திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பணம் அனுப்புவார், ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் ஆகியோரே. பத்தாண்டுச் சேமிப்பை மூன்று சென்ட் நிலத்தில் இறக்கி வைப்பவர் இவர்.

விற்பவர்க்கு வழியின்மேல் விருப்பம் இல்லாமைக்குக் காரணம் உண்டு. அது வெறும் கணக்கு. ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். அதில் வழிக்கென 25 சென்ட் ஒதுக்கினாற் றமக்கு எஞ்சுவது 75. மனைக்கு 3 சென்ட் வீதம் 25 மனைகள் ஆகும். வழியைச் சுருக்கி 13 சென்ட்டில் முடித்துவிடின் 87 சென்ட் விற்பனைக்கு வரும். மனைகள் 29 ஆகும். கூடுதலாகிய நான்கு மனைகளின் விலை விற்றவர் மடியில் விழுகின்றது. வழியின் குறுக்கமோ இருபத்தொன்பது குடும்பங்களின் தலைமேல் விழுகின்றது. அதுவும் விற்றவுடன் விழுவதில்லை. வீடு கட்ட எழும்போதே விழுகின்றது. அதற்குள் விற்றவர் வேறோர் ஊரில் வேறொரு வளைவை நாட்டியிருப்பார். ஆசை ஒருவருடையது, அல்லல் பலருடையது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி, ஏற்கப்படாத வழி என்பது யாதென ஆராய்வோம். ஒரு மனைப்பிரிவு முறையாக அனுமதி பெறவேண்டுமாயின், அதிலுள்ள வழிகளையெல்லாம் விலையின்றித் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்படின், வழிகள் நீங்க எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்குமாகத் திறந்தவெளியாய் விடவும் வேண்டும். இவை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிற் கூறப்பட்டவை. அனுமதியின்றிப் பிரித்த மனைகளிலோ இத்தானம் நிகழ்வதில்லை. மனைகளெல்லாம் விற்றுத் தீர்ந்த பின்னும், வழிக்குரிய நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் விற்றவர் பெயரிலேயே கிடக்கின்றது. அவர் காலத்தில் வாயாற் சொன்ன சொல் காக்கலாம். அவர் மக்கள் காலத்தில் அவ்வழியின் குறுக்கே வேலி எழுந்தாலும் வியப்பில்லை. உள்ளாட்சி மன்றமோ, தனக்கு எழுதிக் கொடுக்கப்படாத நிலத்தில் ஒரு கூடைச் சரளையும் கொட்டுவதற்கில்லை. ஒரு விளக்குக் கம்பமும் நாட்டுவதற்கில்லை. ஆகவே அவ்வழி விற்றவர்க்கும் பயனின்றி, மன்றத்துக்கும் உரிமையின்றி, வாழ்வார்க்கும் உதவியின்றி யாருமற்றதாய்க் கிடக்கின்றது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமையே காரணம் என்பார் உளர். அது பொருந்தாது. நூறாண்டுகளுக்கு முன்னரே சட்டம் இருந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு, நிலத்தை வீட்டு மனைகளாய்ப் பிரித்து விற்பவர், அம்மனைகளுக்கு வழி அமைத்து, அதனை முன்னரே உள்ள ஒரு தெருவோடு இணைத்தல் வேண்டுமென்று கடமை விதித்தது. அவ்வாண்டிலேயே சென்னை நகரமைப்புச் சட்டமும் பிறந்தது. பின்னர் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1994-இல் ஊராட்சிகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் 2023 வரை நடப்பில் இருந்து, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளின் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்தது. நூல் இருந்தது, நூலை நடத்துவார் இலர். இதுவே உண்மை. பதிவுத்துறை பத்திரத்தை மட்டும் பார்த்தது. வருவாய்த்துறை பட்டாவை மட்டும் பார்த்தது. ஊராட்சி வரியை மட்டும் பார்த்தது. வழியைப் பார்க்கும் கண் ஒன்றேனும் இல்லாது போயிற்று.

இவ்வுறக்கம் 2016-ஆம் ஆண்டில் திடீரெனக் கலைந்தது. விளைநிலங்கள் கட்டின்றி மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாளில் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்தலைத் தடுத்து ஆணையிட்டது. அக்டோபர் 20-ஆம் நாளில், பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென முன்னரே இயற்றிவைத்த 22-அ என்னும் பிரிவு நடப்புக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசினர், அனுமதியற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டனர். 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒரு மனையேனும் விற்கப்பட்டிருந்தால், அம்மனைப்பிரிவு கட்டணம் செலுத்தி ஒழுங்குபெறலாம் என்றனர். நீர்நிலைகளின் மேல் அமைந்தவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை என்றனர். ஒழுங்குபெறாத மனைக்குக் கட்டட அனுமதியும், மின் இணைப்பும், குடிநீர் இணைப்பும் இல்லையென்றும் விதித்தனர். காலக்கெடு பன்முறை நீட்டிக்கப்பட்டது. இவ்வளவும் நன்முயற்சியே. எனினும் கட்டணத்தைச் செலுத்தியவர் பெரும்பாலும் யாவர் என்று வினவுக. மனைகளையெல்லாம் விற்றுவிட்டவர்க்கு விண்ணப்பிக்க வேண்டுவது என்னை? விண்ணப்பித்தவர் வாங்கியவரே. பிழை செய்தவர் ஒருவர்; பிழையிறுத்தவர் மற்றொருவர்.

கண்டிப்பான விதியை வெறுப்பார்க்கு அதன் நியாயத்தையும் யாம் எடுத்துரைத்தல் கடன். வழியற்ற இடத்தில் வீடு கட்ட அனுமதியளிப்பது அருளுடைமை போலத் தோன்றும். உண்மையில் அது அருளன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் அவ்வழிகளைக் காணல் வேண்டும். களிமண் கணுக்காலைப் பற்றுகின்றது. எரிவாயு உருளை கொணர்வார் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு வீட்டாரை அழைக்கின்றார். பேறுகாலத்துப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிச் சாலைவரை கொண்டுசென்றாலன்றி மருத்துவ ஊர்தியில் ஏற்றவியலாது. தீப்பற்றினால் நீர் வண்டி திரும்புவதற்கு இடமில்லை. கழிநீர் போக்கிடமின்றி அடுத்த மனையின் அடித்தளத்தை நனைக்கின்றது. இவற்றையெல்லாம் முன்னறிந்தே விதிசெய்தோர், வழியைக் காட்டு, வீட்டைக் கட்டு என்றனர். மேலும், குறுகிய வழியை ஏற்றுக்கொண்ட மன்றம், அதனைச் சீர்செய்யும் செலவை ஊரார் அனைவர் வரியினின்றும் எடுத்தல் வேண்டும். முறையான தெருவில் மிகுவிலை கொடுத்து மனை வாங்கியவரும் அச்செலவிற் பங்கேற்கின்றார். அது நேர்மையோ என்னும் வினாவுக்கும் விடை கூறவேண்டும்.

ஆயினும் விதியின் நோக்கம் ஒன்று. அதன் அடி விழும் இடம் மற்றொன்று. இங்கேதான் யாம் மாறுபடுகின்றோம். விதி காக்க விரும்பியது நல்ல வழியை. அது தடுப்பதோ வீட்டை. வீட்டைத் தடுத்தமையால் வழி தானே அகன்றுவிடுமோ? அகலாது. அனுமதி பெறாதவர் வீடு கட்டாமல் இருந்துவிடுவரோ? அதுவும் இல்லை. வாடகை கொடுத்து அலுத்தவர், கொத்தனாரை அழைத்துக்கொண்டு வந்து, வரைபடமின்றி அடித்தளமிடுகின்றார். அனுமதியற்ற வீட்டுக்கு வங்கி கடன் தர முன்வராது; ஆதலின் வட்டிக்காரரிடம் செல்கின்றார். அனுமதி கேட்டவர்க்கு இத்தனை அடி விட்டுக் கட்டு என்று சொல்லலாம். கேளாதே கட்டுபவர்க்கு யார் சொல்வது? அவர் தம் மனையின் கடைசி அங்குலம்வரை சுவரெழுப்புகின்றார். படிக்கட்டை வழியின்மேல் இறக்குகின்றார். ஆகவே வழியைக் காக்க எழுந்த தடையே வழியை இன்னும் குறுக்கிவிடுகின்றது. நோய்க்கு மருந்து கொடுக்க மறுத்து, நோயாளியை மட்டும் ஊருக்குப் புறத்தே நிறுத்தியது போலாயிற்று.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அரசினர் ஒரு நல்ல எளிமையைச் செய்தனர். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்டுத் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுபவர், தாமே சான்றுரைத்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம் என்பதே அது. அலுவலகப் படிகளில் பன்முறை ஏறியிறங்கிய எளியோர்க்கு இஃது உண்மையில் ஆறுதலே. எனினும் இது வீட்டின் அளவைப் பற்றிய எளிமை. வழியின் உரிமையைப் பற்றிய சிக்கலை இது தொடவில்லை. கதவைத் திறந்து வைத்தமை நன்று. கதவுவரை வருவதற்கு வழி வேண்டுமன்றோ?

பிறநாட்டார் இதனை எவ்வாறு தீர்த்தனர் என்று நோக்குதலும் தகும். இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, மன்றம் ஏற்காத தனித்தெருவில் வீடு எழுப்ப விரும்புபவர், தம் மனைக்கு நேரேயுள்ள தெருவைச் செம்மைசெய்ய ஆகும் செலவை முன்கூட்டியே மன்றத்தில் கட்டிவைத்தல் அல்லது அதற்குப் பிணை தருதல் வேண்டும். தெரு செம்மையானபின் மன்றம் அதனை ஏற்கின்றது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஊர்ச் சட்டத்தில் 280-அ என்னும் பிரிவு, முறையாகப் பதியப்பெற்ற தெருவை அடையாத மனைக்குக் கட்டட அனுமதி இல்லை என்கின்றது; எனினும் சில பகுதிகளுக்கு விதிவிலக்கு வகுக்கும் உரிமையையும் ஊர் மன்றத்துக்கு அதுவே அளிக்கின்றது. இவ்விரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தடை மட்டும் இல்லை. தடையைக் கடக்கும் படியும் அங்கே உண்டு.

நம்மிடத்தும் அத்தகைய படி ஒன்று இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. யாம் முன்னர்க் குறித்த 1920-ஆம் ஆண்டின் சட்டமே, 178-ஆம் பிரிவில், தனித்தெரு ஒன்றின் இருமருங்கிலும் உள்ளார் அதனைச் சமன்செய்து, கல் பரப்பி, வடிகால் அமைக்குமாறு கட்டளையிட நகரவைக்கு அதிகாரம் அளித்தது. அவர் செய்யாவிடின் நகரவையே செய்து செலவை அவரிடம் பெறலாம். அவ்வாறு செம்மையான தெருவைப் பொதுத்தெருவென அறிவிக்குமாறு மனைக்காரருள் பெரும்பாலோர் கேட்பின், நகரவை அதனை அறிவித்தல் வேண்டும் என்று 179-ஆம் பிரிவு கூறிற்று. எத்துணை நேரிய ஏற்பாடு! விற்றவர் ஓடிப்போனாலும் தெரு அனாதையாகாது. செலவு முழுவதும் ஊரார் தலையில் ஏறாது. முழுவதும் ஒரு குடும்பத்தின் தலையிலும் விழாது. தெருவார் கூடிச் செய்வர்; மன்றம் கைநீட்டி ஏற்கும். அச்சட்டம் மறைந்தாலும் அக்கருத்து மறைதலாகாது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒருங்கே அது மீளவும் வழக்கிற்கு வரவேண்டும்.

ஆனால் எல்லா வழியையும் ஏற்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. நம் பள்ளத்தாக்கில் இதனை மிகவும் கருதுதல் வேண்டும். ஆறு என்னும் சொல்லுக்குப் புனல் ஓடும் ஆறு என்றும் மக்கள் செல்லும் வழி என்றும் தமிழில் இருபொருள் உண்டு. சொல்லில் இரண்டும் ஒன்றாயிருப்பது அழகு. நிலத்தில் இரண்டும் ஒன்றானால் அழிவு. முல்லையாற்றினின்று பிரிந்து வயல்களுக்குச் செல்லும் வாய்க்கால்களின் கரையே பல மனைப்பிரிவுகளுக்கு வழியாகின்றது. முதலிற் கரையின்மேல் நடக்கின்றார். பின்னர் வண்டி செல்லக் கரையை அகட்டுகின்றார். இறுதியில் வாய்க்காலைக் குழாய்க்குள் அடக்கி அதன்மேல் மண்ணிட்டு மூடுகின்றார். மேலே உள்ளவர்க்கு வழி கிடைக்கின்றது; கீழ்மடை உழவர்க்கோ நீர் நின்றுபோகின்றது. அவர் நிலம் காய்கின்றது. காய்ந்த நிலத்தை அவரும் மனையாக்கி விற்கின்றார். ஒரு வாய்க்காலை மூடினால் ஒரு வயல் மட்டும் சாவதில்லை. அதன் கடைமடைவரை உள்ள வயல்களெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சாகின்றன. ஆகவே வாய்க்காலின்மேலும், குளத்தின்மேலும், கண்மாய்க் கரையின்மேலும் அமைந்த வழியை மன்றம் ஒருபோதும் ஏற்றலாகாது. 2017-ஆம் ஆண்டின் விதிகள் நீர்நிலையை விலக்கியது இக்காரணத்தாலேயே. அங்கு மனை வாங்கிய எளியவர்க்கு வேறிடம் தேடித் தருதல் அறம். நீரின் வழியை அடைத்துத் தருதல் அறமன்று.

மன்னிப்பு மேல் மன்னிப்பு அளித்தால் விற்பவர்க்குத் துணிவு பெருகும் என்பது எதிர்வாதம். இது வலிய வாதமே. கட்டடப் பிழைகளைப் பொறுப்பதற்கென 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டபோதும் இனி இவ்வாறு நிகழாது என்றே நம்பினோம். மீண்டும் நிகழ்ந்தது. ஆகவே யாம் கேட்பது விற்றவர்க்கு மன்னிப்பன்று, வாங்கியவர்க்கு வழி. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். பழைய பிரிவுகளில் மனைக்காரரை விடுவித்துவிட்டு, வழியமைக்கும் செலவில் விற்றவரின் பங்கை வருவாய்த்துறை பாக்கியைத் தண்டுவதுபோல் அவரிடம் தண்டலாம். அவர் பெயரில் எஞ்சிக் கிடக்கும் வழிநிலத்தை, அவர் ஒப்பம் வேண்டாமலே மன்றத்தின் பெயருக்கு மாற்றுவதற்குத் தெளிவான சட்டம் செய்யலாம். மனைகளின் விலையிலேயே வழியின் விலையும் அடங்கி அவர் கைக்குச் சென்றுவிட்டதன்றோ? ஒருமுறை விற்ற பொருளுக்கு மறுமுறை உரிமை கொண்டாடுதல் எந்நூலில் உள்ளது?

இவற்றைத் தொகுத்து, யாம் தக்கவையெனக் கருதும் நான்கினைக் கூறுகின்றோம். முதலாவது: ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சியும் தன் எல்லைக்குள் ஏற்கப்படாத வழிகள் எவை, ஒவ்வொன்றின் நீளமும் அகலமும் யாவை, அதன்மேல் எத்தனை மனைகள் உள்ளன என்று பட்டியல் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுதல் வேண்டும். மனை வாங்கப் போகின்றவர் அப்பட்டியலைப் பார்த்தாலே பாதித் தீங்கு நீங்கும். இரண்டாவது: 2016-க்கு முற்பட்ட பிரிவுகளில், வாழ்வதற்கென ஒரு சிறு வீடு கட்டுபவர்க்கு, வழியை அகலப்படுத்த நிலம் விட்டுக் கட்டுதல் என்னும் ஒரே கட்டளையோடு அனுமதி அளித்தல் வேண்டும். வழி 16 அடியாயின், இருபுறத்தாரும் தத்தம் மனையினின்று மூன்றரை அடி பின்வாங்கிச் சுவரெழுப்பினால் அது 23 அடியாகும். இன்றே முழுவதும் ஆகாது. வீடு எழ எழ வழியும் அகலும். இப்போதைய தடையோ, வீடு எழ எழ வழியைக் குறுக்குகின்றது. மூன்றாவது: தெருவார் பெரும்பாலோர் ஒப்பிக் கேட்டு, தம் பங்கைத் தவணையாகச் செலுத்த இசைந்தால், மன்றம் அத்தெருவைக் கட்டாயமாக ஏற்றல் வேண்டும். நான்காவது: இனிப் பிரிக்கும் மனைகளில் தானப் பத்திரம் எழுதியதோடு நில்லாது, கல்லும் சரளையும் வடிகாலும் அமைந்த பின்னரே முதல் மனையைப் பதிதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர் அதற்குரிய ஆணையத்திற் பதிவுசெய்து, வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். ஆகவே வழியமைக்கப் பணம் இல்லை என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

இவற்றுக்கு மன்றங்களிற் பணம் ஏது, ஆள் ஏது என்று வினவுவார்க்கு ஒன்று சொல்வோம். ஏற்கப்படாத தெருவில் வாழ்பவரும் வீட்டுவரி செலுத்துகின்றார். கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி செலுத்துகின்றார். தேர்தல் நாளில் அவர் வாக்கும் எண்ணப்படுகின்றது. வாக்கு ஏற்கப்படுகின்றது, வரி ஏற்கப்படுகின்றது, அவர் நடக்கும் வழி மட்டும் ஏற்கப்படுவதில்லை என்றால் அதனை எப்பெயரால் அழைப்பது?

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியாளர் பலர்; வழக்கறிஞர் பலர்; பதிவுத்துறையிலும் வருவாய்த்துறையிலும் பணிபுரிவார் பலர்; ஊராட்சிகளில் உறுப்பினராய் அமர்ந்தாரும் உளர். கோப்பில் ஒரு மனை எண்ணாய் வருவது ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பு என்பதை அவர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். விதியை மீறுக என்று யாம் கூறவில்லை. விதியிலேயே உள்ள இரக்கத்தைத் தேடிக் காண்க என்கின்றோம். உடன் பயிலும் தோழர்க்கும் ஒரு சொல் உண்டு. நாம் பட்டம் பெற்றுப் பொருளீட்டத் தொடங்கிய சில்லாண்டில், வீட்டிலுள்ளார் மனை வாங்குவது பற்றிப் பேசுவர். அப்போது கல்வியறிவு உடைய பிள்ளை என்று நம்மையே அழைத்துப் பத்திரத்தைப் படிக்கச் சொல்வர். படிக்கும்போது விலையையும் எல்லையையும் மட்டும் படியாது, நான்கு வினாக்களை எழுப்புக. இம்மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் உண்டா? வழிக்குரிய தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா? வழிநிலம் இன்று யார் பெயரில் உள்ளது? அவ்வழி முன்னாளில் வாய்க்காலாய் இருந்ததா? இந்நான்குக்கும் விடை பெறாமல் முன்பணம் கொடுக்க விடாதீர்கள். முதல் மூன்றும் அலுவலகத்திற் கேட்டறியத் தக்கவை. நான்காவதற்கு விடை அலுவலகத்தில் இல்லாது போகலாம். அவ்வயலில் நாற்று நட்ட மூதாட்டி ஒருவரைக் கேளுங்கள், சொல்வார்.

வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. அதனினின்று பள்ளிக்கும், சந்தைக்கும், வயலுக்கும், மருத்துவமனைக்கும் அச்சமின்றிச் செல்ல ஒரு வழி இருந்தாலன்றி அது வீடாகாது. அவ்வழியை விற்றவர் அமைக்கவில்லையாயின், வாழ்பவரும் மன்றமும் கூடி அமைத்தல் வேண்டும். அமைந்த வழியை மன்றம் தனதென்று ஏற்றல் வேண்டும். நம் பள்ளத்தாக்கின் உழவர் இருபோகம் விளைக்கவும், அவ்வுழவரின் மக்கள் ஓர் ஓட்டு வீடேனும் முறையாகக் கட்டிக்கொள்ளவும், இவ்விரண்டுக்கும் இந்நிலத்தில் இடமுண்டு. நீருக்கு அதன் வழியும் மக்களுக்கு அவர் வழியும் என வரையறுத்துக் கொடுக்கும் ஆட்சியே இன்று நமக்கு வேண்டுவது.